சுருள் ஆறும் நேரம்

எங்கள் ஊரில் என்னை மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற சின்ன ஊர். அம்மா இறந்த பிறகு பெங்களூரிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கினேன். மேசை மீது செம்புக் கம்பி சுற்றிய வளையங்களைப் பார்த்த யாரோ அப்படி முடிவு செய்துவிட்டார்கள். வந்த சில நாளிலேயே ஒருவர் கிணற்று மோட்டாரைச் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். இன்னொரு அக்கா மிக்சியோடு வந்தார். மிக்சியைச் சரிசெய்துவிட்டேன், உள்ளே ஒரு கம்பிதான் விட்டுப்போயிருந்தது. மோட்டாரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

"காயில் கட்டத் தெரியும்னு சொன்னாக. இது தெரியாதுங்குதே" என்று முனகிக்கொண்டே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் கட்டுவது தலைக்கு வைக்கிற காயில். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும், நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இன்னொரு மனிதருக்கு விளக்கிச் சொல்லி அவர் தலையாட்டியதாக எனக்கு நினைவே இல்லை. அம்மா கடைசிவரை, "கம்ப்யூட்டர்ல வேலை" என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிவந்தார்.

மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அதைக் கொடுக்கிறார்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல இரண்டு வளையங்களாகச் சுற்றிய சுருளைத் தலையில் ஒட்டிவைத்து, இமை மூடித் திறப்பதற்குள் அதன் வழியே பெரும் மின்சாரத்தை விட்டு நிறுத்துவார்கள். அப்போது எழுந்து மறைகிற காந்தப் புலம் தோலையும் எலும்பையும் கடந்து போய், மூளையில் சின்னதாக ஒரு மின்சாரத்தைக் கிளப்பும். வெளியே 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அது போல வரிசையாகப் பல டக்குகள் சேர்ந்தால் ஒரு நாளைய சிகிச்சை.

இதில் தொல்லை என்னவென்றால் சூடு. விடுகிற மின்சாரத்தில் மூளைக்குப் போய்ச் சேர்வது துளியிலும் துளி. செம்பைச் சுடவைப்பதிலேயே நிறைய வீணாகும். சுருள் ஓர் அளவுக்கு மேல் சூடானால் மிஷின் தானாக நின்றுவிடும், ஆறிய பிறகுதான் மறுபடி ஓடும். அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில், குறைந்த சூட்டில் செய்கிற சுருளை வடிவமைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வட்டமாகச் சுற்றுவது எளிது, ஆனால் தலை வட்டமாக இல்லையே. தலையின் வளைவுக்கு ஏற்ற ஒரு மேற்பரப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன் மேல் மின்சாரம் எந்த வழியாக ஓடினால் வீண் குறையும் என்று கணக்குப் போடச் சொல்வேன். விடை கோடுகளாக வரும். கோடையில் கண்மாய் வற்றும்போது தண்ணீர் விட்டுவிட்டுப் போகிற வரிகளைப் போல அவை ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து கிடக்கும். நடுவில் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் இருக்கிற அந்தக் கோடுகளில் கம்பியைப் படுக்கவைத்தால் சுருள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓர் இடத்தில் சூட்டைக் குறைத்தால் இன்னோர் இடத்தில் புலம் பரவிவிடும், வேண்டாத இடத்தையும் தொடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

வீட்டில் அண்ணன் இருந்தார். நான் வந்ததே அவருக்காகத்தான்.

அண்ணன் லாரி ஓட்டியவர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். வந்தால் வீடே சத்தமாக இருக்கும். கல்யாணம் பேசிப் பேசித் தட்டிப்போனதில் அம்மாவுக்குத்தான் வருத்தம், அவருக்கு இல்லை. ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் ஓனர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. விபத்து இல்லை, சண்டை இல்லை, காதல் இல்லை. அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுப்பார்த்தார். கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போனார். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் மகனைத் திருப்பிவிடலாம் என்று நம்பிக்கொண்டே இருந்து, அது கிடைக்காமலே போய்ச்சேர்ந்தார்.

அம்மாவின் காரியம் முடிந்து சொந்தபந்தங்கள் கிளம்பிய அன்று, வீட்டில் நானும் அவரும்தான் மிஞ்சினோம். பின்பக்கம் தகரக் கொட்டகையின் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, சாப்பிடுறீகளா?" என்று கேட்டேன். தலையை அசைத்தார். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அப்படித்தான் எங்கள் நாட்கள் போயின. முன்னறையில் நான் சுருளோடு, பின்னால் அவர் நாற்காலியோடு. பகல் முழுக்க அந்த வீட்டில் விசிறிச் சத்தமும் வெளியே ஆட்டுச் சத்தமும்தான் கேட்கும். பெங்களூர் ஆபீஸோடு வீடியோவில் பேசும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

செய்த சுருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தலை வேண்டும். துணிக்கடைகளில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றின் தலையை வாங்கி, கழுத்தை அடைத்து, உச்சியில் துளை போட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பி மேசையில் நிறுத்திவைத்திருந்தேன். துளை வழியே மெல்லிய கம்பியை உள்ளே இறக்கி, சுருளைப் பக்கவாட்டில் வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு மின்சாரம் எழுகிறது என்று அளப்பேன். வீட்டில் பெரிய துடிப்பு விட முடியாது, சின்னதாக விட்டுப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

அடுத்த வீட்டில் ஓர் அம்மா ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தார். முறைக்குச் சின்னம்மா. கணவர் இறந்துவிட்டார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். எங்கள் வீட்டுக்குள் வந்துபோகிற ஒரே ஆள் அவர்தான். ஒருநாள் காலையில் வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

"ஏத்தா, ஒன் வீட்டுக்குள்ள தலை இருக்காம்ல?"

"பொம்மைத் தலை, சின்னம்மா."

"பொம்மைதான். ஊருல என்ன பேசுறாக தெரியுமா? அண்ணங்காரன் வாயக் கட்டிப்புட்டு, தலைக்குள்ள தண்ணிய ஊத்தி வச்சு என்னமோ செய்றாளாம்."

அவர் குரலில் குற்றம் சொல்வது போல எதுவும் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தலையைக் காட்டினேன். கொஞ்சம் தண்ணீரைச் சாய்த்து அவர் உள்ளங்கையில் விட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புத்தான்."

"உப்புத்தான் சின்னம்மா. நம்ம தலைக்குள்ளயும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்."

"எல்லார் தலையிலயுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஊரில் அவர் எடுத்துச் சொன்னாரோ என்னவோ, பேச்சு அடங்கியது. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் என் ஜன்னல் வந்ததும் ஓட்டமெடுப்பது நிற்கவில்லை.

அண்ணனை அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மதுரையில் மனநல மருத்துவர் ஒருவர் வேறு மாத்திரை கொடுத்துப்பார்த்தார். பல மாதம் பொறுத்தோம், அதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அந்த டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "காந்த சிகிச்சைன்னு ஒண்ணு இருக்கு, வலி இருக்காது, இங்கேயே மிஷின் இருக்கு" என்று எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். நான் முதல்முறை கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேலையை அவரிடம் சொல்லவில்லை. அங்கே நான் தங்கச்சியாக மட்டும் இருந்தால் போதும் என்று தோன்றியது. "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது, "கம்பெனியில வேலை" என்றேன்.

ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், சில வாரங்களுக்கு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே அருப்புக்கோட்டை வந்து, காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போவோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பஸ்ஸில் பேசமாட்டார். எதிரே வருகிற லாரிகளைக்கூட அவர் பார்க்கவில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் நாள் அவரைச் சாய்நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மிஷினை ஓட்டுகிற பெண் ரொம்பச் சின்ன வயது, கையில் சுருளோடு அவர் தலையின் ஒரு பக்கத்தில் இடம் தேடினாள். எல்லோருடைய தலையும் ஒன்று போல இருக்காது. எவ்வளவு வலுவாக விடுவது என்று தெரிந்துகொள்ள, கைவிரலை அசைக்கிற இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். டக். எதுவும் இல்லை. கொஞ்சம் நகர்த்தினாள். டக். அதுவும் இல்லை. மூன்றாவதோ நான்காவதோ தட்டில் அண்ணனின் வலது கட்டைவிரல் துள்ளியது.

அவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். மறுபடி டக், மறுபடி துள்ளல். தன்னைக் கேட்காமல் தன் விரல் நகர்வதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் துள்ளலைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். நானே என் கையில் சோதித்துப் பார்த்ததும் உண்டு. ஆனாலும் அந்த அறையில் அந்த விரலைப் பார்த்தபோது, நான் இன்னும் கிட்டப் போய் நின்றேன். உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்பது போல இருந்தது.

சிகிச்சை ஆரம்பித்து சில நாள் கழித்து, நல்ல வெயில் காலத்தில், மதுரையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை. பாதியில் மிஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. திரையில் சிவப்பாக ஒரு எழுத்து.

"காயில் சூடாயிருச்சு. கொஞ்ச நேரம் ஆறட்டும், அப்படியே உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போனாள்.

சுருள் தாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சுற்றில் சூடு அதிகம், எங்கே கம்பி வளைகிறது என்றெல்லாம் அதன் கறுப்பு உறைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன பாப்பா, ரேடியேட்டர் கொதிச்ச வண்டியாட்டம் நின்னுபோச்சு."

நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயந்தேன். முழு வாக்கியம் ஒன்றை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"ஆமாண்ணே" என்றேன். அந்தப் பெண் திரும்பி வந்தாள், டக் டக் என்று மீதி நடந்தது, பஸ் ஏறி வீடு வந்தோம்.

மறுநாளும் மிஷின் நின்றது. அன்று அவர், "இதுக்குத் தண்ணி ஊத்தி ஆத்துற வழி இல்லையா?" என்று கேட்டார்.

"சில மிஷின்ல குழா வச்சு எண்ணெய் ஓட விடுவாக அண்ணே. ஆனா கனம் கூடிரும். பிடிச்சுக்கிட்டு நிக்கிறவுகளுக்குக் கை வலிக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என் வேலையே அதுதான."

அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "மோட்டார் காயில்னாக?"

"மோட்டார் இல்லண்ணே. இதுதான். இது சூடாகாம இருக்கணும், அதுக்குத்தான் நான் வீட்டுல உக்காந்து பாக்குறேன்."

"அந்தப் பொம்மைத் தலை?"

"அதுக்குத்தான்."

வாய்விட்டுச் சிரித்தார் என்று சொல்ல முடியாது. மூக்கு வழியாகக் காற்று விட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்தக் கோடையில் மிஷின் அநேகமாகத் தினமும் ஒருமுறை நின்றது. நின்ற நேரத்தில் நாங்கள் பேசினோம். சிகிச்சை நடக்கும்போது காதில் பஞ்சு வைத்திருப்பார், பஸ்ஸில் இரைச்சல், வீட்டில் அவர் பின்னால் நான் முன்னால். பேசுவதற்கு வாய்த்தது அந்தக் குட்டி அறையும், சுருள் ஆறுகிற அந்தக் கொஞ்ச நேரமும்தான். ஒருநாள், தனக்கு உள்ளே எப்படி இருந்தது என்று அவராகவே சொன்னார்.

"எஞ்சின் ஓடும் பாப்பா. ராவும் பகலும் ஓடும். நியூட்ரல்ல கெடக்கும். மிதிச்சா சத்தந்தான் வரும், வண்டி நகராது. எறங்கித் தள்ளுங்கன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். எறங்கவும் முடியாது."

"இப்ப?"

"இப்பச் சத்தம் கொறஞ்சிருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து என் வேலையில் உட்காருவேன். சூட்டை இன்னும் எங்கே குறைக்கலாம் என்று தேடுவேன். சுருள் ஆறுகையில் அண்ணன் என்னிடம் பேசுகிற அந்த நேரத்தையே இல்லாமல் ஆக்குவதற்குத்தான் இவ்வளவும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்காக வேலையை மெதுவாகச் செய்யவில்லை. மனசுக்குள் மட்டும் என்னவோ செய்தது. அதைச் சொல்லவும் எனக்கு ஆள் இல்லை, அண்ணனிடமும் சொல்ல முடியாது.

மாற்றம் திடீரென்று வரவில்லை. ஒருநாள் முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். இன்னொரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்றார். பிறகு ஒரு காலையில் காரியாபட்டி தாண்டும்போது பஸ் டிரைவர் கியரைக் கரகரவென்று போட்டதும், அண்ணன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, கிளச்ச மிதிச்சுப் போடு! கியர் பெட்டி போயிரும்" என்று சத்தம் போட்டார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

சிகிச்சை முடிந்த சமயத்தில்தான் என் சுருளின் கடைசி வடிவம் தயாரானது. கம்பி படுக்க வேண்டிய பள்ளங்களோடு பிளாஸ்டிக் அச்சு பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது. தலைமுடி போல மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய செம்புக் கம்பி. ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும், விட்டால் தளர்ந்துவிடும். அண்ணன் கம்பி உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இறுக்கமாவா?"

"லேசா. அறுந்துறக் கூடாது."

பள்ளத்துக்குள் கம்பியை நான் விரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். அவர் என் கை நகர்கிற வேகத்துக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். நடுவில் நெருக்கமாக வருகிற இடத்தில் இரண்டு பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பக்கம் முடிய மதியம் ஆகிவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ சுருள் சுற்றியிருக்கிறேன், இன்னொரு ஆளோடு சேர்ந்து சுற்றியது அந்த ஒன்றுதான்.

அடுத்த பக்கம் சுற்றுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்திருந்தார், ஒரு வண்டிக்கு டிரைவர் வேண்டுமாம். டாக்டரிடம் கேட்டோம். மாத்திரையை விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றார் அண்ணன். பந்தல்குடி மெயின் ரோட்டில் கடைகளுக்கு எதிரே லாரி வந்து நின்றது. நானும் வழியனுப்பப் போயிருந்தேன்.

"ஏலே, ஏறுடா! மாலை போட்டாத்தான் வருவியோ?" என்று கூட்டாளி உள்ளேயிருந்து கத்தினார்.

அண்ணன் பையைத் தூக்கிப் போட்டார். "வாரேன் பாப்பா."

"மாத்திரை?"

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். கதவைச் சாத்தியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூத்துக்குடிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. எது அவருடையது என்று தெரியாமல் போகும்வரை நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த பக்கத்துச் சுருளைச் சுற்ற, கம்பி உருளையை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தேன். பல தடவை தளர்ந்து, பல தடவை பிரித்துச் சுற்றினேன்.

அண்ணன் போன சில நாளில் சின்னம்மா வந்தார். இந்த முறை நிலைப்படியில் நிற்காமல் உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒங்கண்ணன் வண்டி ஓட்டப் போயிட்டானாம்ல."

"ஆமா சின்னம்மா."

"இத வச்சுத்தான் சரியாச்சுன்றாக." சுருளைக் கண்ணால் காட்டினார். "எனக்கும் ஒரு தரம் வையி."

அவருக்கு என்ன என்று கேட்டேன். தூக்கம் இல்லையாம். கணவர் போனதிலிருந்தே இல்லையாம். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற இடத்தில், போகவா திரும்பவா என்று தெரியாமல் நடுக்காட்டில் நின்றுவிடுகிறாராம். சாதம் வடித்ததை மறந்துவிட்டு மறுபடி உலை வைக்கிறாராம். இதையெல்லாம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவே இல்லை.

"சின்னம்மா, இத நான் வைக்கக் கூடாது. நான் டாக்டர் இல்ல. இது இன்னும் சோதனை முடியாத சாமான். ஒங்களுக்கு இது தேவைதானான்னும் டாக்டர்தான் சொல்லணும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆட்ட யாரு பாக்குறது?"

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அப்ப இத எதுக்குத்தான் வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டில் தங்கிவிட்டது. சுருளை உறைபோட்டு, மூடி, பெங்களூருக்கு அனுப்பினேன். மேசை காலியாக இருந்தது. சின்னம்மா வரவில்லை. நான்தான் ஒருநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நீங்க அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு வாங்க சின்னம்மா. ஆட்ட நான் பாக்குறேன்."

"நீயா?" என்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு எது கிடாய், எது பெட்டைன்னு தெரியுமா?"

"திரும்பக் கொண்டாந்து அடைச்சாப் போதும்ல?"

எந்த டாக்டரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகிறபோதே, கறுப்பு ஆடு அடுத்தவர் சோளத்தில் வாய் வைக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரிசல் காட்டில் நின்றேன். அறுப்பு முடிந்து தட்டை மட்டும் நின்ற நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓர் ஆள் இல்லை. வெயிலில் தூரத்துக் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்பது போல அலைந்தன. சின்னம்மா சொன்னபடியே கறுப்பு ஆடு, இன்னும் அறுக்காத பக்கத்துச் சோளத்துக்குப் போயிற்று, அதன் பின்னால் ஓடினேன். அப்போதுதான் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து எங்கள் குழுவில் ஒருவர்.

"நிக்கவே இல்ல!" என்றார் எடுத்ததும். "முழு சிகிச்சையும் ஓட்டிட்டோம், ரெண்டு தடவை. எண்ணெய் எதுவும் ஓட விடல, வெறும் காத்துலதான் வச்சோம். தொட்டுப் பார்த்தா கை வைக்கிற அளவுக்குத்தான் சூடு. புலமும் நீங்க சொன்ன இடத்துல சொன்ன மாதிரி இருக்கு."

பின்னால் யாரோ கைதட்டுவதும் சிரிப்பதும் கேட்டது. ஒருவர் இனிப்பு வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள். "எங்கே இருக்கீங்க, காத்து சத்தமா இருக்கே?" என்று கேட்டார்.

"வெளியில நிக்கிறேன்" என்றேன்.

போனை வைத்ததும் அந்தக் கைதட்டல் நின்றுவிட்டது. எத்தனை வருட வேலை. ஓவென்று கத்தலாம் போல இருந்தது, கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மதுரையில் அந்தச் சின்னப் பெண் இனி அறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இன்னும் எத்தனையோ பேர் சிகிச்சையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கலாம். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் சின்ன மிஷினை வைத்தே ஓட்டலாம். இதையெல்லாம் நினைக்க நினைக்க சந்தோஷமும் வந்தது, கூடவே அண்ணனின் குரலும் வந்தது. அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டுகிறபோது எடுக்கமாட்டார், எடுக்கக் கூடாது என்று சொன்னதே நான்தான்.

சின்னம்மா மதிய பஸ்ஸில் வந்து நேராகக் காட்டுக்கே வந்துவிட்டார். கையில் மாத்திரைப் பொட்டலம்.

"நல்லாப் பேசுனாக அந்த டாக்டரு" என்றார். "எவ்வளவு நாளான்னு கேட்டாக. சொன்னேன். அம்புட்டுக் காலமும் தனியாவா இருந்தீங்கன்னு கேட்டாக." பிறகு ஆடுகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

"சின்னம்மா, என் காயில் நல்லா ஓடுதாம்."

"ஓடட்டும்" என்றார். மாத்திரைப் பொட்டலத்தை முந்தியில் முடிந்துகொண்டார்.

அண்ணன் மறுநாள்தான் கூப்பிட்டார். டீசல் போடுகிற இடத்திலிருந்து பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இனிமே நடுவுல நிக்காதா?"

"நிக்காது அண்ணே."

"நல்லதுதான். ஆளுக சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவாக" என்றார். உடனே டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து காலமாகிவிட்டது. இடையில் அண்ணனுக்கு மறுபடி ஒருமுறை சத்தம் கூடியது. அதை அவர் யாரிடமும் சொல்லாமல், வண்டியை நிறுத்திவிட்டுத் தானாகவே மதுரைக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்து, சில நாள் சிகிச்சை எடுத்துக்கொண்டு, சரியான பிறகுதான் என்னிடம் சொன்னார். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, தானாகப் போகத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சின்னம்மாவுக்கு மாத்திரையே போதுமாயிருந்தது. தூங்குகிறார்.

பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லி மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அண்ணன்தான் வேலைக்குப் போயிட்டாரே, இன்னும் அங்க என்ன?" என்கிறார். நியாயமான கேள்விதான். அண்ணன் வருகிற அன்று வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று மட்டும் தோன்றுகிறது. அவர் எப்போது வருவார் என்பது லோடைப் பொறுத்தது. அடுத்த சுருளுக்கு, குழந்தைகளின் தலைக்கு ஏற்ற வளைவை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். அது இன்னும் கஷ்டம்.

போன வாரம் வருகிறேன் என்றிருந்தார். காலையிலேயே கறி வாங்கிவந்து குழம்பு வைத்து, இரண்டு பேருக்கு உலை வைத்தேன். அரிசியைப் போட்ட பிறகு போன் வந்தது. லோடு மாறிவிட்டது, சேலத்துக்குப் போகிறேன், வர முடியாது என்றார். சரி என்றேன். சோற்றை வடித்து இறக்கினேன். பிறகு பின்பக்கம் போய், வேலிக்கு மேலாகச் சின்னம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

ஆட்டைக் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவர் வந்தார். குழம்பு காரம் என்றார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.